ஓர் எண்ணுக்கு ஒரு நோயாளி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிற விஷயம் ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் வேலை செய்யச் செய்ய உங்களுக்கே வந்துவிடும்.

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கையேடுகளை யாரும் படித்ததில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு கணக்கு மென்பொருளின் கையேட்டில் ஒரு பக்கம் அப்படியே இரண்டு முறை அச்சாகியிருந்தது. பல வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். வாங்கியவர்கள் சந்தேகம் வந்தால் போன் செய்வார்கள். போனில் யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். அதனால் எனக்குள் ஒரு மெத்தனம் ஊறியிருந்தது. நான் ஒரு வரியைத் தப்பாக எழுதினாலும் உலகம் அதைச் சரிசெய்துகொள்ளும் என்ற மெத்தனம்.

ஓய்வு பெறச் சில வருடங்கள் இருக்கும்போது வேலை மாறியது. கேளம்பாக்கத்தைத் தாண்டியிருந்த எங்கள் சின்ன நிறுவனம், ஒரு மருத்துவமனைக்காக ஏஐ உதவியாளர் ஒன்றைத் தயாரித்தது. நோயாளி ஆப்பில் கேட்டால், அது அவருடைய ரிப்போர்ட்டை எடுத்துத் தமிழில் படித்துச் சொல்லும். ரிப்போர்ட்டுகள் இருக்கும் இடத்துக்குள் அது தானாக நுழைய முடியாது. அதற்கென்று சில டூல்கள் உண்டு. ஒரு டூல் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துத் தரும், இன்னொன்று மருந்துப் பட்டியலைத் தரும். எந்த டூலை எப்போது எடுப்பது, அது தருவதை எவ்வளவு நம்புவது என்பதை உதவியாளர் எப்படித் தெரிந்துகொள்ளும்? ஒவ்வொரு டூலுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும். அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும்.

அந்தக் குறிப்புகளை எழுதியவள் நான். வாழ்க்கையில் முதல் முறையாக, நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் படிக்கிற ஒரு வாசகர் எனக்குக் கிடைத்தார். படித்ததை அப்படியே நம்புகிற வாசகர். சந்தேகம் வந்து போன் செய்யாத வாசகர். அதன் அர்த்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கதைக்குள் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெண்ணிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றிச் சொல்லச் சொன்னார். ரேவதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மருத்துவ விஷயத்தையும் மாற்றியிருக்கிறேன், ஊரையும்தான். யாரென்று ஊகிக்க முயன்றால் உங்கள் ஊகம் தப்பாகத்தான் இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் மாற்றினேன்.

மருத்துவமனையிலிருந்து முதலில் வந்த குறை என்னவென்றால், உதவியாளர் அதிகம் கேள்வி கேட்கிறது என்பது. பெயர் என்ன, வயது என்ன, எந்தக் கிளையில் பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் வயதானவர்கள் அலுத்துப்போய் ஆப்பை மூடிவிடுகிறார்கள் என்றார்கள். கேள்விகளைக் குறைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சோதனைக்காகத் தந்திருந்த மாதிரிப் பதிவுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு போன் எண் இருந்தது, ஒரே எண் இரண்டு பேருக்கு இல்லை. ரிப்போர்ட் எடுக்கும் டூலின் குறிப்பில் இரண்டு வரி சேர்த்தேன். நான் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஓர் எண்ணுக்கு ஒரு நோயாளி. எண் கிடைத்துவிட்டால் பெயரைத் தனியாகச் சரிபார்க்கத் தேவையில்லை."

கச்சிதமான வரி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அது தப்பு என்று எனக்குத் தெரியும். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தாம்பரத்தில் நாங்கள் போகும் கிளினிக்கில் நான், என் கணவர், மாமியார் மூன்று பேரும் என் கணவரின் எண்ணில்தான் பதிந்திருக்கிறோம். அங்கே எண்ணைச் சொன்னால் மூன்று பெயர் வரும். "அது எங்க மாமியாரு. என்னோடது அதுக்குக் கீழ பாருங்க" என்று கவுன்ட்டரில் நானே பல முறை சொல்லியிருக்கிறேன். கிளினிக்கில் நின்ற எனக்குத் தெரிந்தது, மேசை முன் உட்கார்ந்து எழுதிய எனக்கு ஞாபகம் வரவில்லை. தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

அடுத்து நடந்ததை ரேவதி பின்னால் சொல்லித்தான் அறிந்தேன். கீழ்க்கட்டளையில் அவர்களுடையது பழைய குடும்பம். ஒரு காலத்தில் நிலம் இருந்த இடத்தில் இப்போது வாடகை வீடுகள். ரேவதி கல்யாணமாகி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. மாமியார் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார். ரேவதி அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். அது முடியும்வரை குழந்தை வேண்டாம் என்று கணவனும் மனைவியும் பேசி, காப்பர்-டி போட்டிருந்தார்கள். அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். மாமியாருக்குத் தன் சர்க்கரை ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் எல்லோரும் மருத்துவமனையில் மகனின் எண்ணில்தான் பதிந்திருந்தார்கள். மகனின் போனை வாங்கி, மருத்துவமனையின் ஆப்பில் வாயாலேயே கேட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். உதவியாளர் நல்ல தமிழில், பணிவான குரலில் பதில் சொன்னது: "வணக்கம். உங்கள் காப்பர்-டி பரிசோதனையில் எந்தக் குறையும் இல்லை. அடுத்த பரிசோதனைக்கு மறக்காமல் வாருங்கள்."

கூடமே சிரித்தது. "இந்த வயசுல எனக்கு காப்பர்-டியாமே!" என்று அந்த அம்மாவே தொடையில் தட்டிச் சிரித்திருக்கிறார். பிறகு அவருடைய மகள், ரேவதியின் நாத்தனார், சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ரேவதி அங்கே தோசைக்கல்லின் முன் நின்றிருந்தார். "தோசை கருகுதுன்னு தெரியுது மேடம். ஆனா கை எழும்பல" என்றார் என்னிடம்.

மறுநாள் காலை அந்த வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போன் போனது. அது யாருடைய ரிப்போர்ட் என்று சொல்லியாக வேண்டும் என்றார்கள். மருத்துவமனை எங்களை அழைத்தது. உதவியாளர் ஒவ்வொரு முறையும் என்ன யோசித்தது, எதை எடுத்தது என்பதெல்லாம் பதிவாகும். அந்தப் பதிவை நான்தான் முதலில் திறந்தேன். அந்த எண்ணில் கடைசியாக வந்த ரிப்போர்ட்டை அது எடுத்திருந்தது. கேட்டவர் சர்க்கரை என்கிறாரே, வந்திருப்பது வேறாக இருக்கிறதே என்று ஒரு கணம் அதற்கும் சந்தேகம் வந்திருக்கிறது. உடனே இப்படி முடிவு செய்திருந்தது: குறிப்பின்படி ஓர் எண்ணுக்கு ஒரு நோயாளிதான், பெயரைச் சரிபார்க்கத் தேவையில்லை.

என் வரியை எனக்கே மேற்கோள் காட்டியிருந்தது. திரையை மூடிவிட்டேன்.

அதற்குள் மேனேஜர் வந்து நின்றார். "மேடம், நீங்க அந்தப் பக்கம்தானே? ஹாஸ்பிடல்லேருந்து ஒருத்தர் போறார், கூடப் போயிட்டு வந்துடுங்க. பெரியவங்களா ஒரு லேடி போனா அந்தம்மா கொஞ்சம் அடங்குவாங்க. யாரோட ரெக்கார்டுன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க" என்றார்.

போகும் வழியெல்லாம் நான் சொல்லப்போவதை மனதுக்குள் எழுதித் திருத்திக்கொண்டே போனேன். தப்பு என்னுடையது, இயந்திரத்துடையது அல்ல, நான் எழுதிய வரிதான் காரணம், மன்னித்துக்கொள்ளுங்கள். மறைக்காமல் சொல்லிவிட்டால் என் பாரம் குறையும் என்று நினைத்தேன். பாருங்கள், அப்போதும் என் பாரத்தைத்தான் நினைத்திருக்கிறேன்.

மருத்துவமனை ஆள் பழக்கூடையோடு கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டும் என்று சொல்லி நான் சமையலறைக்குப் போனேன். முகம் வீங்கியிருந்த பெண்தான் ரேவதி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, அந்த டூலுக்கு விளக்கம் எழுதினது நான்தான். உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை முடிக்கவிடவில்லை. டம்ளரை நீட்டிக்கொண்டே, கூடத்துக்குக் கேட்காத குரலில், "நீங்க எழுதினீங்களா வேற யாராவது எழுதினாங்களான்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன் மேடம்? எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. மெஷின் உளறிடுச்சுன்னு சொல்லிடுங்க" என்றார்.

"உளறலம்மா. அது..."

"தெரியும் மேடம். உளறலன்னு எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுல நான் இருக்கணும். அதுதான் எல்லாம் தப்புத்தப்பா சொல்லுதுன்னு ஊரே பேசுதே, இதையும் அது மேலயே போட்டுடுங்க. நீங்க சாரி சொல்லிட்டுக் கிளம்பிடுவீங்க. அதுக்கப்புறம் என் கதி?"

நான் எழுதித் திருத்திக்கொண்டு போன மன்னிப்பை அங்கேயே கைவிட்டேன். அதை நான் சொன்னால் எனக்கு நல்ல பெயர், அவருக்கு நாசம். ஓர் எண்ணில் பலர் இருந்ததால் வந்த குழப்பம் என்று உண்மையைச் சொன்னால், அந்தப் பலரில் காப்பர்-டி யாருக்கு இருக்க முடியும் என்று கண்டுபிடிக்க அந்த வீட்டில் யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. யாருடையது என்று சொல்ல முடியாது என்று விதிப்படி மறுத்தாலும் அதே கதைதான்.

கூடத்துக்குத் திரும்பினேன். அந்த அம்மா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். தூங்காத முகமாக இருந்தது.

"இன்னாம்மா நடந்துச்சு? நான் சக்கரையக் கேட்டா அது இன்னாத்தையோ சொல்லுது. அது யாருதும்மா? எங்க வூட்டுதா?"

"தப்பா வந்துடுச்சும்மா" என்றேன்.

இரண்டு அர்த்தம் வராத வரிகளை எழுதிச் சம்பாதித்தவள் நான். அன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு அர்த்தம் வரும்படி ஒரு வரியைச் சொன்னேன். வந்த விதம் தப்பா, வந்த விஷயமே தப்பா என்று பிடிகொடுக்காத வரி. ஆனால் அவர் விடவில்லை.

"அத்தச் சொல்லும்மா சரியா. தப்பா வந்துச்சுன்னா? எங்க வூட்டுல யாருக்கும் அப்புடி இல்லியா?"

ரேவதி சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவருடைய கணவர் கையில் இருந்த போனைப் பார்த்தபடி இருந்தார், திரை அணைந்திருந்தது.

"இல்லம்மா" என்றேன். "அது யாரோட ரிப்போர்ட்டும் இல்ல. மெஷின் தானா உளறினது."

அந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்துலேர்ந்து அந்தப் பொண்ணாண்ட நான் மூஞ்சி குடுத்துப் பேசலம்மா. ஒரு வாய் சாப்புட்டியான்னு கூடக் கேக்கல. பாவம், அது தேம்பிகினு கீது" என்றார். உள்ளே பார்த்து, "எம்மா, மேடத்துக்குக் காப்பி போட்டு எடுத்துகினு வா. உனக்கும் ஒண்ணு போட்டுக்க" என்றார்.

அந்தக் காப்பியைக் குடிப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் ஏமாற்றியது ஒரு பொல்லாத மாமியாரை அல்ல. தன் மேல் தப்பிருந்தால் வெட்கப்படத் தெரிந்த ஒரு மனுஷியை. இருந்தாலும் அந்தப் பொய்யை இன்றைக்கும் சொல்வேன். ரேவதியின் உடம்பைப் பற்றிய விஷயம் ரேவதியுடையது. அதை எங்கள் டூல் பறித்துக் கூடத்தில் போட்டுவிட்டது. அதை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் வெட்கப்படுவது அடுத்து செய்ததற்கு.

மறுநாள் ஆபீசில் கூட்டம். மேனேஜர் ஆரம்பித்தார். "ஏஐ மாடல் ஹாலுசினேட் பண்ணி, தானா உளறிடுச்சுன்னு மேடம் அங்க அழகா எடுத்துச் சொல்லிட்டாங்க. ஹாஸ்பிடலும் ஒத்துக்கிச்சு. ரிப்போர்ட்லயும் அப்படியே எழுதிடலாம். இல்லாததைச் சொல்லாதேன்னு மாடலுக்கு இன்னும் ஸ்ட்ராங்கா இன்ஸ்ட்ரக்‌ஷன் குடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானே மேடம்?"

தலையாட்டினேன்.

முந்தின நாள் ஒரு பெண்ணைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. இன்று அதே பொய் என்னைக் காப்பாற்ற வந்து நின்றது. நான் கேட்காமலே வந்தது, வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அறையில் இருந்த யாரும் பதிவைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்க அவசியமில்லாதபடி ஒரு பதில் தயாராக இருந்தது. அன்று பிற்பகல், பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், என் குறிப்பைத் திறந்து அந்த இரண்டு வரியையும் அழித்தேன். ஓர் எண்ணில் பலர் இருக்கலாம், பெயரையும் வயதையும் கேட்டு உறுதி செய்த பிறகே ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டும் என்று எழுதினேன். ஏன் மாற்றினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சரிசெய்துவிட்டோமே, அது போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் குழுவில் நந்தினி என்று ஒரு பெண் இருந்தாள். உங்களில் பலரைப் போலக் கல்லூரி முடித்து நேராக வந்தவள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். ஆபீஸ் பஸ் கேளம்பாக்கத்திலிருந்து மாம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் போகும். தினமும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வேலையில் வரும் சந்தேகத்தையெல்லாம் பெருங்களத்தூரில் இறங்குவதற்குள் கேட்டுத் தீர்த்துக்கொள்வாள். மருந்துப் பட்டியல் எடுக்கும் டூலின் குறிப்பை எழுதும் வேலை அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மாதிரிக்கு என்னுடையதைப் பார்க்கச் சொன்னது நான்தான். அவள் பார்த்தாள். நான் அழிப்பதற்கு முன்னால் பார்த்தாள். அந்தக் கச்சிதமான இரண்டு வரியும் அவளுக்கும் பிடித்துப்போயின.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில் பெருங்களத்தூர் திணறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அந்த மருத்துவமனையின் கிளைக்கு நெஞ்சுவலி என்று நடுத்தர வயதுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அடுத்து வர வேண்டிய டாக்டர் ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். இருந்தவர் ஒரே ஒரு டாக்டர். நோயாளி பேசும் நிலையில் இல்லை. அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று பார்க்க, கூட வந்தவர்கள் சொன்ன எண்ணைக் கொடுத்து, மருத்துவமனைக் கணினியிலும் இருந்த எங்கள் உதவியாளரிடம் கேட்டார்கள். பட்டியல் வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றது. அதை நம்பி, ரத்தக்கசிவு வந்துவிடுமோ என்று, அடைப்பைக் கரைக்கக் கொடுக்க வேண்டிய ஊசியை டாக்டர் நிறுத்தி வைத்தார்.

கவுன்ட்டரில் பெயர் பதிய நின்றிருந்த மனைவி உள்ளே வந்தபோது நர்ஸ் அந்தப் பட்டியலைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "ஐயோ, அது எங்க மாமனார் சாப்பிடுற மாத்திரைங்க! இவரு எதுவுமே சாப்பிடறதில்ல" என்று அந்த அம்மாள் கத்தினார். ஊசியைப் போட்டார்கள். அவர் பிழைத்தார். அந்தத் தாமதம் அவருடைய இதயத்தை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த முறை இயந்திரம் உளறியது என்று யாரும் சொல்ல முடியவில்லை. மாமனாரின் மாத்திரைகளை அளவு, வேளை எதுவும் பிசகாமல் அது சொல்லியிருந்தது. மேனேஜரே பதிவைத் திறந்தார். அதில் அந்த வரி இருந்தது. மருந்துப் பட்டியல் டூலின் குறிப்பை எழுதியது யார் என்று கேட்டார்.

நந்தினி எழுந்து நின்றாள். "நான்தான் சார். ஆனா அது அக்காவோட டாக்குமென்ட்லேர்ந்து எடுத்தது சார்."

"காட்டுங்க பார்க்கலாம்."

அவள் என் குறிப்பைப் பெரிய திரையில் திறந்தாள். நம்பிக்கையோடுதான் திறந்தாள். மேலிருந்து கீழே போனாள். அந்த வரி இல்லை. ஓர் எண்ணில் பலர் இருக்கலாம், பெயரைக் கேட்க வேண்டும் என்று அதற்கு நேர் எதிராக இருந்தது.

"இங்கதான் சார் இருந்துச்சு" என்றாள். மறுபடி மேலே போனாள். "சத்தியமா சார், நான் இங்கேருந்துதான்..."

பழைய பதிப்பைத் திறந்து பார்த்திருக்கலாம். அந்தப் பதற்றத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. தன் தப்பைப் பெரியவர் மேல் போடப் பார்க்கிறாள் என்பது போல் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேனேஜர், "வேலையில தப்பு வர்றது சகஜம்மா. பொய் சொல்றதுதான்..." என்று தொடங்கினார்.

அவள் இரண்டாவது முறையாக மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தாள். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை வாழ்க்கையில் எனக்கு மிகவும் அவமானமாக இருக்கும் நேரம் அதுதான். தப்பான வரியை எழுதியது மறதி. கூட்டத்தில் தலையாட்டியது கோழைத்தனம். இது இரண்டையும் விடக் கேவலம். ஒரு சின்னப் பெண், நான் ரகசியமாக அழித்த வரியை, எல்லோர் முன்னாலும் தேடிக்கொண்டிருந்தாள். அதை எழுதியவள் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். பேசாமலே இருந்துவிடலாம் என்று மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததும் உண்மை.

"அது என் வரிதான்" என்று கடைசியில் சொன்னேன். "நான்தான் அழிச்சேன். அந்தக் கீழ்க்கட்டளை வீட்டுக்குப் போயிட்டு வந்த மறுநாள். மெஷின் அன்னைக்கும் உளறல. எனக்கு அப்பவே தெரியும்."

நானே முழுவதையும் சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்ன பொய் அந்த வீட்டோடு இருக்க வேண்டும், இந்த அறையைத் தாண்டி அது யாருடைய ரிப்போர்ட் என்ற பேச்சு போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் ஒரு தடவை தொறந்து பார்த்திருக்கலாம் மேடம்" என்றார். பெரிய மனதோடு சொன்னதாக நினைத்தேன். ஆனால் அது ஆறுதலாக இல்லை.

நந்தினி திரையை அணைத்தாள். என்னைப் பார்க்காமல், "மாத்தினப்போ ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நானும் மாத்தியிருப்பேன்" என்றாள். திட்டவில்லை. அக்கா என்ற வார்த்தையும் அதில் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அவள் சொன்னதில் இருக்கிறது. வெளியே என்ன சொல்ல வேண்டி வரும் என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. ஒரு நோயாளியின் மானத்தைக் காக்க, உண்மையை முழுதாகச் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் கூட வேலை செய்பவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும், அன்றைக்கே தெரிய வேண்டும். வரியை மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுவதை இப்போது இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒன்று அந்த இயந்திரம். இன்னொன்று, உங்களை நம்பி அதையே எடுத்து எழுதப்போகிற பக்கத்து மேசைக்காரர்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நந்தினி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாம்பாக்கம் தாண்டி, வண்டலூர் தாண்டி, பெருங்களத்தூரில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். எத்தனையோ வருடம் வார்த்தையைத் தேடியே சம்பளம் வாங்கியவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை பெருங்களத்தூரில் ஏறினாள். பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள்.

"இந்த வரி வேற எங்கெல்லாம் போயிருக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"அப்ப எல்லா டூலோட குறிப்பையும் பார்க்கணும்" என்று திரையை என் பக்கம் பாதி திருப்பி வைத்தாள். "நீங்க மேலேருந்து வாங்க. நான் கீழேருந்து வரேன்."